ஒற்றை நூலும் வளைந்த வெளியும்

நூல் என்பது நீளத்தையே தன் சுபாவமாகக் கொண்ட பொருள். அகலமும் கனமும் அதற்கு இல்லாமற் போகவில்லையாயினும், நீளத்தோடு ஒப்பிட அவை கணக்கில் வைக்கத் தக்கவை அல்ல. ஆகவே, க்ஷேத்திர கணிதம் கற்றவர் மனத்தில் மட்டுமே வாழ்கிற கோடு என்னும் கற்பனைக்கு இவ்வுலகத்துப் பொருள்களுள் மிக அண்மையில் நிற்பது நூலே என்று சொல்லலாம். இத்தகைய ஒற்றைப் பரிமாணப் பொருளை எடுத்து, பசையும் ஆணியும் தையலும் இன்றி, அதனைத் தன்னோடு தானே கோத்துக்கொள்ளச் செய்து, உடம்பைப் போர்த்தும் பரப்பாகவும், சிசுவின் தலைக்கு இசைந்த குல்லாயாகவும், விரல் விரலாய்ப் பிரிந்த கையுறையாகவும் உருவாக்கிவிடுகிற வித்தையை, மத்தியான வேளைகளில் கூடத்தில் அமர்ந்து, அண்டை வீட்டாரோடு குடும்ப சமாசாரம் பேசிக்கொண்டே, ஊசியைப் பாராமலே எத்தனையோ பெண்கள் செய்துவந்திருக்கிறார்கள். இதனைப் பொழுதுபோக்கு என்ற ஒரு சொல்லில் அடக்கி ஒதுக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால், பௌதிக சாஸ்திரிகளும் கணித சாஸ்திரிகளும் சென்ற இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் இந்த வேலையை உற்று நோக்கத் தலைப்பட்டு, அதிலிருந்து தாங்கள் கற்றுக்கொண்டதை வெளிப்படையாகச் சொல்லவும் தொடங்கியிருக்கிறார்கள். பின்னுகிறவருக்குக் கிடைக்கிற இன்பத்தில் பெரும்பகுதி அறிவின் இன்பமே என்பதும், கண்ணுக்கு எளிதில் அகப்படாத சில உண்மைகளைக் கை முன்னதாகவே கண்டுகொள்கிறது என்பதும் என் துணிபு.

முதலில் துணியின் அமைப்பைப் பார்ப்போம். தறியில் நெய்த துணியில் பாவு நூல்கள் நெடுக்காகவும் ஊடை நூல்கள் குறுக்காகவும் ஓடி, ஒன்றின் மேலும் கீழுமாக மாறி மாறிச் சென்று பிணைகின்றன, அவை ஏறக்குறைய நேராகவே கிடப்பதால், வேட்டியையோ சேலையையோ நீளவாட்டில் பிடித்து இழுத்தால், நூல் எவ்வளவு நீண்டு கொடுக்குமோ அதற்குச் சற்று அதிகமாகவே துணி கொடுக்கும், அதற்கப்பால் கொடாது. பின்னிய துணியிலோ நேராகக் கிடக்கும் நூல் ஓரிடத்திலும் இல்லை. ஒரு கண்ணிக்குள்ளிருந்து அடுத்த கண்ணியை இழுத்து, அதற்குள்ளிருந்து அதற்கடுத்ததை இழுத்து, இவ்வாறே வரிக்குமேல் வரியாக ஏறிச் செல்வதால், நூல் முழுவதும் வளைவுகளாகவே இருக்கிறது. அதனை இழுக்கும்போது நூல் நீளுவதில்லை. கண்ணியின் வடிவம் மாறுகிறது. அகன்றிருந்த வளைவு ஒடுங்கி உயர்கிறது, அல்லது உயர்ந்திருந்தது தாழ்ந்து அகல்கிறது. இழுத்த கையை விட்டதும், வளைக்கப்பட்ட நூல் தன் பழைய நிலைக்கு மீள முயல்வதனால் துணியும் பழைய அளவுக்குத் திரும்புகிறது. பருத்தி நூலுக்கு நீளும் குணம் மிகச் சொற்பம் என்பதை யாவரும் அறிவர். அதே நூலாலான பனியன், தலைவழியே நுழையும் அளவுக்கு விரிந்து, பிறகு மார்போடு ஒட்டிக்கொள்கிறதென்றால், அந்தக் குணத்தை அதற்கு அளித்தது வடிவமே என்று தெளிகிறது.

திருப்பூரில் வட்ட இயந்திரங்களிலிருந்து இறங்குகிற துணியுள், சிங்கிள் ஜெர்சி என்று அங்கே வழங்கும் சாதாரண வகையில் ஒரு துண்டை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். முன்புறத்தில் அம்புத்தலைகள் போன்ற வடிவங்கள் நிரல் நிரலாக இறங்குவதும், பின்புறத்தில் பிறைகளைக் குறுக்கே அடுக்கியது போன்ற மேடுகள் நிறைந்திருப்பதும் தெரியும். கையால் ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் முன்னதை நிட் என்றும் பின்னதைப் பர்ல் என்றும் சொல்வார்கள். ஒரே கண்ணியை முன்னிருந்து பார்த்தால் அது, பின்னிருந்து பார்த்தால் இது. அந்தத் துண்டைக் கத்தரித்தால், பக்கவிளிம்புகள் பின்புறம் நோக்கியும் மேல் கீழ் விளிம்புகள் முன்புறம் நோக்கியும் தாமாகவே சுருண்டுகொள்ளும். ஒவ்வொரு கண்ணியிலும் நூல் பின்னிருந்து முன்னாக வளைக்கப்பட்டிருப்பதால், நிமிர வேண்டும் என்று அது கொண்டுள்ள விருப்பமும் ஒருதலைப்பட்சமானது. ஆயிரக்கணக்கான கண்ணிகளின் சிறு சிறு விருப்பங்கள் ஒன்றுகூடி விளிம்பைச் சுருட்டிவிடுகின்றன. நிட் நிரலையும் பர்ல் நிரலையும் மாறி மாறி வைத்தாலோ, இவ்விரு விருப்பங்களும் ஒன்றையொன்று எதிர்த்து, துணி விசிறி மடிப்புப் போல உள்ளொடுங்கி நிற்கும்; இழுத்தால் அந்த மடிப்புக்கள் திறந்துகொண்டு அகலவாட்டில் வெகுவாக விரியும். கழுத்துப் பட்டைக்கும் கை விளிம்புக்கும் ரிப் என்னும் இவ்வகையைப் பயன்படுத்துவது இதனால்தான். நிட் வரியையும் பர்ல் வரியையும் மாறி மாறி வைத்தால், விரியும் குணம் நீளவாட்டுக்கு மாறிவிடுகிறது.

அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்து ஜார்ஜியா டெக் கலாசாலையில் பௌதிகப் பேராசிரியராக விளங்கும் எலிசபெட்டா மாட்சுமோட்டோ என்னும் அம்மையார், தாமே பின்னல் வேலையில் தேர்ந்தவராதலால், இந்த விஷயத்தைத் தம் ஆராய்ச்சிக்குரிய பொருளாக எடுத்துக்கொண்டார். ஒரே நூலை, ஒரே ஊசியைக் கொண்டு, நிட், பர்ல் என்ற இரண்டே கண்ணிகளை வெவ்வேறு ஒழுங்கில் அமைப்பதனால் மட்டும் துணியின் மென்மையும் விறைப்பும் நெகிழ்ச்சியும் எவ்வாறு மாறுகின்றன என்பதை அவரும் அவருடைய மாணவர்களும் அளந்து, கணித ரூபமாக வகுத்து வருகிறார்கள். பாட்டிமார் பரம்பரையாகக் கையால் அறிந்துவைத்திருந்த செய்தி இப்போது சமன்பாட்டில் ஏறுகிறது. இதனால் பாட்டிமாரின் அறிவு சிறுமைப்படவில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அது சோதனைச்சாலையில் நின்று தன் உண்மையை நிரூபித்துக்கொண்டது.

பின்னலில் முடிச்சு என்பதே இல்லை என்பதும் கவனிக்கத் தக்கது. கடைசிக் கண்ணியைப் பிணைத்து முடிக்காத வரையில், நூலின் நுனியைப் பிடித்து இழுத்தால், மாதக்கணக்கில் பின்னியது அத்தனையும் வரிவரியாக அவிழ்ந்து, தொடங்கிய இடத்தில் ஒற்றை நூலாக வந்து நிற்கும். ஆகவே, முடிச்சுக்களின் இயல்பை ஆராயும் கணிதப் பிரிவினர் கண்ணில், ஊசியிலிருந்து இறங்காத ஸ்வெட்டரும் நேராகக் கிடக்கிற நூலும் ஒன்றே. பின்னுகிறவருக்கு இது பெரிய சௌகரியம். பிழை நேர்ந்தால் அவிழ்த்து மறுபடி பின்னலாம், குழந்தை வளர்ந்த பின் அதன் சட்டையை அவிழ்த்து அந்த நூலையே வேறொன்றுக்குப் பயன்படுத்தலாம். அவ்வாறு அவிழ்த்த கம்பளி நூல் சுருள் சுருளாக, கண்ணியின் ஞாபகத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். ஆட்டு ரோமம் கெராட்டின் என்னும் புரதத்தாலானது. அதன் அணுத்திரள்களுக்கிடையே உள்ள இலேசான பிணைப்புக்கள் வளைந்த நிலையிலேயே அமைந்துவிடுவதால் அந்தச் சுருள் நிலைத்துவிடுகிறது. நீரில் நனைத்தால் அப்பிணைப்புக்கள் தளர்ந்து, சிறு பாரம் கட்டித் தொங்கவிட்ட நூல் உலரும்போது மறுபடி நேராகிவிடும். பின்னி முடித்த துண்டை நனைத்து, வேண்டிய அளவுக்கு இழுத்துக் குண்டூசி குத்தி உலர்த்துகிற வழக்கத்துக்கும் இதே காரணந்தான்.

இரண்டு ஊசிகளைக் கொண்டு பின்னும் கலை மிகப் பழையது. எகிப்தில் கிடைத்துள்ள, நீலமும் வெள்ளையுமான பருத்திக் காலுறைகள் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அது முதிர்ந்த நிலையில் இருந்ததைக் காட்டுகின்றன. 1589-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பிராந்தியத்தைச் சேர்ந்த வில்லியம் லீ என்ற பாதிரியார் காலுறை பின்னும் யந்திரத்தை அமைத்தது முதற்கொண்டு, அந்தக் கலை சிறிது சிறிதாக யந்திரத்தின் வசமாயிற்று. திருப்பூர் அந்தப் பரம்பரையின் கிளையே. கொக்கி முனையுடைய ஒற்றை ஊசியால் செய்யும் குரோஷாவின் கதை வேறு. அயர்லாந்தில் 1845-இல் தொடங்கி உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து கொடிய பஞ்சம் நேர்ந்த ஆண்டுகளில், கன்னிமாடங்களிலும் வீடுகளிலும் பெண்கள் குரோஷாவால் மெல்லிய லேஸ் பின்னி விற்றுக் குடும்பங்களைக் காத்தனர். இன்றளவும் அசல் குரோஷாவைப் பின்னித் தள்ளுகிற யந்திரம் தொழிற்சாலைகளில் நடைமுறைக்கு வரவில்லை. கடையில் அசல் குரோஷா வேலைப்பாடுள்ள பொருள் ஒன்றைக் காண்கிறவர், அதன் ஒவ்வொரு கண்ணியும் ஒரு மனிதக் கையால் இழுக்கப்பட்டது என்று உணர வேண்டும்.

இரண்டு முறைகளுக்கும் உள்ள ஒரு வித்தியாசம் நாம் சொல்லப்போகிற விஷயத்துக்கு ஆதாரமானது. ஊசிப் பின்னலில் ஒரு வரியிலுள்ள கண்ணிகள் அத்தனையும் திறந்த நிலையில் ஊசியின்மேல் வரிசையாகக் காத்திருக்கின்றன. நூறு கண்ணி இருந்தால் நூற்றையும் ஊசி சுமக்க வேண்டும். குரோஷாவில் எந்தக் கணத்திலும் ஒரே ஒரு கண்ணிதான் ஊசியின்மேல் உயிரோடிருக்கிறது. மற்றவையெல்லாம் மூடி முடிந்தவை. ஆகவே, குரோஷா போடுகிறவர் விரும்பிய இடத்தில் விரும்பிய திசையில் திரும்பலாம். ஒரு கண்ணிக்குள் இருமுறை ஊசியை விட்டு, அதை இரண்டாகப் பெருக்கலாம். விளிம்பு எவ்வளவு நீண்டாலும் ஊசிக்குப் பாரமில்லை.

இந்தச் சுதந்திரத்தைக் கொண்டு ஒரு வட்டத்தைப் பின்னத் தொடங்குவோம். நடுவில் ஆறு கண்ணிகள். அடுத்த சுற்றில் பன்னிரண்டு, அதற்கடுத்துப் பதினெட்டு, பிறகு இருபத்துநான்கு என, சுற்றுக்கு ஆறு கண்ணியாகக் கூட்டிக்கொண்டு போனால், மேசைமேல் விரிக்கத் தக்க தட்டையான வட்டம் கிடைக்கும். குரோஷா கற்பிக்கிறவர்கள் யாவரும் சொல்லும் விதி இது. ஏன் ஆறு? வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணியின் உயரத்தால் கூடும்போது, அதன் சுற்றளவு அந்த உயரத்தைப்போல் 6.28 மடங்கால் கூடவேண்டும் என்பது பையின் இருமடங்கைக் கொண்ட பள்ளிக்கூடச் சூத்திரம். மிகச் சிறிய குரோஷாக் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறத்தாழச் சமமாதலால், 6.28-க்கு அண்மையிலுள்ள முழு எண்ணாகிய ஆறு அங்கே தானாக வந்து அமர்கிறது. இருமடங்கு உயரமுள்ள நெடுங்கண்ணியால் பின்னும்போது பன்னிரண்டு கூட்டவேண்டும் என்று ஆசிரியைகள் சொல்வதற்கும் அதே காரணம். பையின் பெயரையே கேட்டறியாத மூதாட்டி ஒருத்தி ஆயிரம் மேசைவிரிப்புக்களில் அதன் மதிப்பைச் சரியாகப் பின்னியிருக்கிறாள் என்று நினைக்கையில் எனக்கு உண்டாகும் வியப்புக்கு அளவில்லை.

ஆறுக்குக் குறைவாகக் கூட்டினால் என்ன நேரும்? விளிம்புக்கு வேண்டிய நீளம் கிடைக்காமையால் அது உள்நோக்கி இழுக்கும். வட்டம் கிண்ணமாகக் குழியும். கூட்டுவதை அடியோடு நிறுத்திவிட்டால் சுவர் செங்குத்தாக எழும்பிக் குல்லாயாகும். ஆறுக்கு மேல் கூட்டினாலோ, விளிம்புக்கு இடம் போதாமல் அது மேலும் கீழுமாக நெளியத் தொடங்கும். மேன்மேலும் கூட்டினால் மடிப்பு மடிப்பாக அலைந்து, எந்த மேசையிலும் படியாத உருவம் ஒன்று கையில் திரளும். பரப்பின்மேலேயே ஊர்ந்து செல்கிற எறும்பு ஒன்று, வெளியே எழும்பிப் பாராமலே, நீளங்களை அளந்து மாத்திரம் தன் உலகம் தட்டையா, உருண்டையா, நெளிந்ததா என்று கண்டுபிடித்துவிட முடியும் என்பதை ஜெர்மானிய மேதை காஸ் 1827-இல் நிறுவினார். குரோஷாக்காரர் சுற்றுக்குச் சுற்று எண்ணுகிற எண்ணிக்கை அந்த எறும்பின் அளவையே.

இங்கே யூக்ளிடின் கதையைச் சிறிது சொல்லாமல் மேலே செல்வதற்கில்லை. ஒரு நேர்கோடும், அதற்குப் புறத்தே ஒரு புள்ளியும் தரப்பட்டால், அப்புள்ளி வழியாக அக்கோட்டைச் சந்திக்காத நேர்கோடு ஒன்றே ஒன்றுதான் வரையலாம் என்று பள்ளியில் படிக்கிறோம். இது யூக்ளிட் வகுத்த மற்றைய க்ஷேத்திர கணித விதிகளிலிருந்து தானே பிறப்பது என்று காட்டுவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகள் அறிஞர்கள் முயன்று தோற்றார்கள். ருஷியாவில் லோபசெவ்ஸ்கி 1829-இலும், ஹங்கேரியில் போயாய் 1832-இலும், அந்த விதியைத் துறந்து, சந்திக்காத கோடுகள் பல உண்டு என்று வைத்துக்கொண்டே முரண்பாடற்ற ஒரு க்ஷேத்திர கணிதத்தை அமைக்கலாம் என்று தனித்தனியே வெளியிட்டார்கள். அந்தக் கணிதம் குடியிருக்கும் தளமே ஹைபர்பாலிக் தளம். அது ஒவ்வொரு புள்ளியிலும் குதிரைச் சேணம்போல ஒரு திசையில் மேலாகவும் குறுக்குத் திசையில் கீழாகவும் ஒரே அளவில் வளைந்திருக்கும். கிண்ணத்தின் வளைவுக்கு இது நேர்மாறு. ஆனால் அதைக் கண்ணால் காண்பது எப்படி? இத்தாலியரான பெல்ட்ராமி அதன் ஒரு பகுதிக்குக் காகிதத்தில் மாதிரி செய்தார். 1901-இல் ஹில்பர்ட், அத்தளம் முழுவதையும் மடிப்பும் முனையும் இன்றி நம் முப்பரிமாண வெளியில் வைக்க இயலாது என்று நிரூபித்தார். பகுதியை மட்டுமே காணலாம் என்றாயிற்று. மாணவர்கள் அதனைச் சமன்பாட்டிலும் வட்டத்துக்குள் வரைந்த படங்களிலும் கற்பனை செய்துகொண்டார்கள்.

அந்த நிலையில் 1997-இல் டைனா டாய்மினா என்ற அம்மையார் தோன்றினார். பால்டிக் கடலோர நாடாகிய லாட்வியாவில் பிறந்து, அந்நாட்டுச் சிறுமியர் யாவரையும்போலக் கைவேலை கற்று, கணித ஆசிரியையாகி, அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலைக்கு வந்தவர் அவர். வில்லியம் தர்ஸ்டன் என்ற பெருங்கணித அறிஞர் கருத்தின்படி, காகிதத்தில் வளையத் துண்டுகளை வெட்டி ஒட்டிச் செய்த ஹைபர்பாலிக் மாதிரி ஒன்றை அவர் கண்டார். தொட்டாற் கிழியும் நிலையில் அது இருந்தது. மாணவர் கையில் கொடுக்கத் தக்க ஒன்று வேண்டுமென்று அவர் முதலில் இரண்டு ஊசிகளால் பின்ன முயன்றார். வரிக்கு வரி கண்ணிகள் பெருகப் பெருக அவற்றைத் தாங்க ஊசிக்கு நீளம் போதவில்லை. உடனே குரோஷா ஊசியை எடுத்தார். ஒரே கண்ணியைச் சுமக்கிற அந்த ஊசிக்கு விளிம்பு எவ்வளவு பெருகினும் கவலையில்லை. இத்தனை கண்ணிக்கு ஒன்று என்று ஒரு விகிதத்தை நிர்ணயித்து, தொடக்கம் முதல் முடிவுவரை பிசகாமல் அதைப் பின்பற்றினால், வளைவு எங்கும் ஒரே அளவினதாகிய ஹைபர்பாலிக் துண்டு கையில் வந்துவிடுகிறது. பன்னிரண்டு கண்ணிக்கு ஒன்று என்ற விகிதத்தில், ஏறக்குறைய ஒன்பது வரிகளுக்கு ஒருமுறை விளிம்பு இரட்டிக்கும்.

அந்தத் துண்டைக் கையிலெடுத்து மடித்தால், மடிப்பின் இருபுறமும் ஒன்றோடொன்று பொருந்துமாதலால், மடிப்புக் கோடு அந்தத் தளத்தில் நேர்கோடாகும். அதன்மேல் வேறு நிற நூலால் ஓட்டுத் தையல் போட்டுக்கொள்ளலாம். அதற்குப் புறத்தே ஒரு புள்ளியைக் குறித்து, அதன் வழியாக மறுபடி மடித்துத் தைக்கலாம். சற்றுத் திருப்பி இன்னொரு முறை மடிக்கலாம். மூன்றாம் முறையும் மடிக்கலாம். மூன்று கோடுகளும் அப்புள்ளியில் கூடுகின்றன. மூன்றும் முதற்கோட்டைத் தொடாமல் விலகி விலகிப் போகின்றன. இரண்டாயிரம் ஆண்டுகள் மேதைகளை வாட்டிய விஷயம் மடிமேல் கிடக்கிற கம்பளித் துண்டில் பிரத்தியட்சமாகிவிடுகிறது. மூன்று மடிப்புக்களால் முக்கோணம் அமைத்துப் பார்த்தால், அதன் கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகைக்குக் குறைந்திருக்கும். முக்கோணம் பெரிதாகப் பெரிதாகக் கோணங்கள் இன்னும் கூர்மையடையும். இவ்வநுபவங்களை டாய்மினா 2009-இல் புத்தகமாக வெளியிட்டார். அமெரிக்கக் கணிதச் சங்கங்களுள் ஒன்று 2012-இல் அதற்கு ஆய்லர் பெயரால் வழங்கும் பரிசை அளித்தது. மாதிரி என்பது அறிந்ததைப் பிறருக்கு விளக்குவதற்கான கருவி மட்டுமே என்று கருதுவோர் உண்டு. என்னால் அதை ஒப்ப இயலவில்லை. அப்போது இங்கிலாந்தில் பிரிஸ்டல் சர்வகலாசாலையில் பணியாற்றிய ஹிங்க ஒசிங்காவும் பெர்ண்ட் கிரௌஸ்கோப்பும், வானிலைக் குழப்பத்தை ஆராய்வதில் எழுந்த லோரென்ஸ் சமன்பாடுகளிலிருந்து கிடைக்கும் ஒரு விசித்திரப் பரப்பைக் கணிப்பொறியில் சுற்றுச் சுற்றாகக் கணக்கிட்டுக்கொண்டிருக்கையில், அக்கணக்கு வரிசையே குரோஷாவுக்குரிய குறிப்பாக அமைந்திருப்பதைக் கண்டார்கள். 2004-இல் ஒசிங்கா அப்பரப்பை 25,511 கண்ணிகளாகப் பின்னி முடித்தார். திரையில் சுழலும் படம் தராத ஒரு பரிச்சயத்தை, வளைவு எங்கே இறுகுகிறது, எங்கே தளர்கிறது என்கிற ஞானத்தை, விரல் தருகிறது.

இயற்கை இந்தத் தளத்தை மனிதருக்கு வெகுகாலம் முன்பே அறிந்திருக்கிறது. நம் தோட்டத்துக் கோழிக்கொண்டைப் பூவைப் பாருங்கள். நடுப்பாகத்தைவிட விளிம்பு விரைந்து வளர்வதால், இடம் போதாத விளிம்பு அலை அலையாக மடிந்து நிற்கிறது. லெட்டூஸ் கீரையின் ஓரமும், கடலடியில் ஊரும் சில ஓடில்லா நத்தைகளின் பாவாடை போன்ற மடிப்பும், பவளப் பாறைகளுள் இலைவடிவாகப் படர்பவையும் இவ்வாறே. பவளத்துக்கு இதனால் உண்டாகும் லாபம் பெரிது. அதன் உடலில் குடியிருந்து அதற்கு உணவளிக்கும் நுண்பாசிகளுக்குச் சூரிய ஒளி வேண்டும்; ஓடுகிற நீரிலிருந்து இரையை வடித்தெடுக்கப் பரப்பு வேண்டும்; குறுகிய இடத்தில் மிகுந்த பரப்பைப் பெறுவதற்கு நெளிந்த விளிம்பைவிடச் சிறந்த உபாயம் அரிது.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில் வளர்ந்து, அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் வசித்த இரட்டைச் சகோதரிகள் மார்கரெட் வெர்தைமும் கிறிஸ்டீன் வெர்தைமும்; முன்னவர் விஞ்ஞான எழுத்தாளர், பின்னவர் கவியும் கலைஞரும். தாங்கள் வளர்ந்த குவீன்ஸ்லாந்துக் கரையோரத்துப் பெரும் பவளத்திட்டு, கடல்நீர் வெப்பமடைவதால் தன் பாசிகளை இழந்து வெளுத்து மடிவதைக் கேட்டு மனம் நொந்த அவர்கள், 2005-இல் டாய்மினாவின் முறையைக் கொண்டு குரோஷாவிலேயே ஒரு பவளத்திட்டைப் பின்னத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் விகிதம் தவறாத கணித மாதிரிகளாகவே பின்னினார்கள். அவை அழகாக இருந்தன. ஆனால் உயிருள்ளவைபோல் தோன்றவில்லை. விகிதத்தை வேண்டுமென்றே மாற்றி, ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் அரிதாகவும் கூட்டிப் பார்த்தபோதுதான், கடற்பஞ்சும் பாசியும் பவளமும் ஊசிமுனையிலிருந்து எழத் தொடங்கின. விதி ஒன்றே, அதிலிருந்து சிறுசிறு பிறழ்ச்சிகளால் எண்ணற்ற ரூபங்கள். ஜீவராசிகளின் பரிணாமத்தைப் பற்றி நாம் படித்திருக்கிறதை அந்தப் பெண்கள் நூலில் செய்து பார்த்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

ஒரு வீட்டில் தொடங்கிய அந்தக் காரியம் ஊர் ஊராகப் பரவிற்று. சிக்காகோ, நியூயார்க், லண்டன், சிட்னி, டாய்மினாவின் தாயகமாகிய லாட்வியா ஆகிய இடங்களிலெல்லாம் அந்தந்த ஊரார் கூடித் தத்தம் திட்டைப் பின்னினார்கள். 2019-இல் வெனிஸ் நகரத்துப் பிரசித்தி பெற்ற கலைக் கண்காட்சியில் அது இடம்பெற்றது. 2022-இல் ஜெர்மனியின் பாடன்-பாடன் நகரத்தில் ஏறக்குறைய 4,000 பேர் அனுப்பிய 40,000-க்கும் மேற்பட்ட குரோஷாப் பவளங்கள் ஓர் அருங்காட்சியகத்தை நிரப்பின. பழைய பிளாஸ்டிக் பைகளை நாடாவாகக் கத்தரித்துப் பின்னிய நச்சுத்திட்டு ஒன்றும் உண்டு. கடலில் நாம் கொட்டுவது என்ன என்பதை அது உபதேசமின்றிக் காட்டுகிறது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே, 1986 முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்படும் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள பவளங்களும் 2016-ஆம் ஆண்டின் வெப்பத்தில் வெளுத்தவை என்பதை நினைக்கும்போது, இவ்விஷயம் நமக்கு அந்நியமானதாகத் தோன்றவில்லை.

சேர்ந்து பின்னுவதில் ஒரு சங்கடம் உண்டு என்பதை அநுபவசாலிகள் அறிவார்கள். ஒருவர் கை நூலை இறுக்கும்; இன்னொருவர் கை தளர விடும்; ஒரே ஊசி, ஒரே நூல், ஒரே எண்ணிக்கையாயினும் இருவர் பின்னிய சதுரங்கள் அளவில் ஒத்திரா. சென்னையில் 2016 ஜனவரியில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பல ஊர்களிலும் நாடுகளிலும் இருந்து பின்னியனுப்பிய குரோஷாத் துண்டுகளை இணைத்து, 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையாக விரித்து, கின்னஸ் சாதனை நிகழ்த்தினார்கள். அந்தத் துண்டுகளையெல்லாம் ஒன்றோடொன்று இசையவைப்பதில் அடங்கியுள்ள உழைப்பை, ஒரு மேசைவிரிப்புக்கு நான்கு பேர் சதுரம் பின்னிய வீட்டார்கூட உணர்ந்து மதிப்பார்கள். பவளத்திட்டிலோ இந்தக் கைவேற்றுமையே செல்வமாகிறது. இறுகிய கை குறும்பவளத்தையும் தளர்ந்த கை ஆடும் பாசியையும் தருகிறது. தட்டையான தளத்தில் துண்டுகள் சமமாக இருந்தாக வேண்டும். நெளிந்த வெளியில் அந்த நிர்ப்பந்தம் இல்லை.

பின்னுவோருக்கு உண்டாகும் மனச்சாந்தியைப் பற்றியும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. பிரிட்டனில் 2013-இல் வெளியான ஆய்வொன்றில், பல நாடுகளைச் சேர்ந்த 3,545 பேர் கேள்விகளுக்கு விடையளித்திருந்தார்கள். அடிக்கடி பின்னுகிறவர்கள் அமைதியும் மகிழ்ச்சியும் கூடியதாகச் சொன்னார்கள். குழுவாகப் பின்னுகிறவர்கள் மகிழ்ச்சியோடு பிறரிடம் பழகும் திறமும் வளர்ந்ததாகச் சொன்னார்கள். இவை அவரவர் தம்மைப்பற்றிக் கூறியவையாதலால், பின்னலே காரணம் என்று அறுதியிட்டுக் கூறுவதற்கில்லை. மகிழ்ச்சியுள்ளவர்களே பின்ன உட்காருகிறார்கள் என்றும் வாதிக்கலாம். எனினும், பழகிய கை தன் வேலையைத் தானே செய்ய, வாய் பேச்சுக்கும் செவி கேட்பதற்கும் ஒழிந்திருப்பதும், ஒருவர் கண்ணி எண்ணுகையில் மற்றவர் தாமாகவே பேச்சை நிறுத்துவதும், பின்னல் வட்டத்தில் அமர்ந்தவர் எவரும் கண்டது.

அத்தகைய வட்டம் ஒன்று கூடினால் செய்து பார்க்கத் தக்க சோதனை ஒன்றைக் குறிப்பிடுகிறேன். மெத்தென்ற நூல் துவண்டுவிடுமாதலால், கடையில் உல்லன் என்று விற்கும் அக்ரிலிக் நூலில் சற்று விறைப்பானதைத் தேர்ந்து, வழக்கத்தைவிட ஓர் எண் சிறிய குரோஷா ஊசியால் இறுக்கிப் பின்ன வேண்டும். எல்லோரும் நடுவில் ஆறு கண்ணியோடு தொடங்குக. ஒருவர் சுற்றுக்கு ஆறு கூட்டித் தட்டையான வட்டம் போடட்டும். ஒருவர் மூன்று கூட்டட்டும். ஒருவர் ஆறு கண்ணிக்கு ஒன்று என்ற விகிதத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். மற்றொருவர் ஒவ்வொரு கண்ணியையும் இரண்டாக்கிக்கொண்டே போகட்டும். பத்தாம் சுற்றில் முதலாமவர் விளிம்பில் 60 கண்ணிகள் இருக்கும். கண்ணியை இரட்டிப்பவர் விளிம்பில் 3,072 இருக்க வேண்டும். முதலாமவர் வேலை முழுவதற்கும் 330 கண்ணிகள் ஆகும், மற்றவருக்கு 6,138. அந்த 6,138-இல் முதல் ஒன்பது சுற்றுக்களும் சேர்ந்து எடுத்துக்கொள்வது 3,066 மாத்திரமே. கடைசிச் சுற்று ஒன்று மட்டும், அதற்குமுன் பின்னிய யாவற்றையும்விட அதிகமான நூலை உட்கொள்ளும்.